பொது நியாயப்படுத்தலும் கதையின் ஆற்றலும்

பொது நியாயப்படுத்தல் என்பது, எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரு சட்டத்துக்கோ கொள்கைக்கோ, அதற்குக் கட்டுப்படும் மக்கள் ஏற்கத்தக்க காரணங்களைக் காட்டுவதைக் குறிக்கும் அரசியல் மெய்யியல் கருத்தாகும். ஒரே நாட்டில் வாழ்வோர் சமயத்திலும் வாழ்க்கை நோக்கிலும் வேறுபடுகின்றனர். ஆகவே ஒருவருக்கு அசைக்க முடியாததாகத் தோன்றும் காரணம், மற்றவருக்குக் காரணமாகவே தோன்றாமல் போகலாம். இந்நிலையில் எத்தகைய காரணங்கள் பொது மன்றத்தில் செல்லுபடியாகும் என்பது முதல் கேள்வி. காரணங்களோடு கதைகளுக்கும் அங்கு இடம் உண்டா என்பது இரண்டாவது கேள்வி. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமை முறை பற்றி நடந்த விவாதத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இவ்விரு கேள்விகளையும் விளக்குகிறது.

கருத்து வேறுபாடு ஏன் எழுகிறது?

எல்லாக் கருத்து வேறுபாடுகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. ஓர் ஊரின் ஏரி எத்தனை ஏக்கர் என்பதில் இருவர் மாறுபட்டால், அளந்து பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். அந்த ஏரியைத் தூர்த்துப் பேருந்து நிலையம் கட்டலாமா என்பதில் மாறுபட்டால், அளவுச் சங்கிலி மட்டும் போதாது. யாருடைய தேவை முதலில், எதை இழந்து எதைப் பெறலாம் என்ற மதிப்பீடுகளும் அதில் கலந்துள்ளன.

கணக்குப் போட்டுத் தீர்க்கக்கூடிய வேறுபாட்டிலும் ஒரு மெய்யியல் சிக்கல் உண்டு. அமெரிக்க மெய்யியலாளர் டேவிட் கிறிஸ்டென்சன் 2007இல் ஓர் எளிய எடுத்துக்காட்டைத் தந்தார். நண்பர்கள் உணவகத்தில் சாப்பிட்டுவிட்டுத் தொகையைச் சமமாகப் பங்கிடுகின்றனர். மனக்கணக்கில் ஒத்த திறமையுள்ள இருவருள் ஒருவர் ஆளுக்கு 43 டாலர் என்கிறார். மற்றவர் 45 டாலர் என்கிறார். அந்நிலையில் இருவரும் தத்தம் விடையின் மீதுள்ள உறுதியைக் குறைத்துக்கொண்டு மீண்டும் கணக்கிட்டுப் பார்ப்பதே முறை என்பது கிறிஸ்டென்சனின் கருத்து. ஆடம் எல்கா என்பவரும் ஒத்த தகுதியுடையவரின் கருத்துக்குச் சம எடை தரவேண்டும் என்றார். தாமஸ் கெல்லி இதை மறுத்தார். சான்றுகளைச் சரியாக ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தவர், மற்றவர் மாறுபடுகிறார் என்ற ஒன்றுக்காக அதைக் கைவிட வேண்டியதில்லை என்பது அவர் வாதம்.

மதிப்பீடுகள் கலந்த வேறுபாடுகள் ஏன் தீர்வதில்லை என்பதற்கு ஜான் ரால்ஸ் விளக்கம் தந்தார். இதை அவர் தீர்ப்பின் சுமைகள் என்று அழைத்தார். சான்றுகள் சிக்கலானவை, ஒரே சான்றுக்கு இருவர் இருவேறு எடை தருவர், நீதி, சுதந்திரம் போன்ற சொற்களின் எல்லை தெளிவற்றது, ஒவ்வொருவரும் வாழ்ந்த வாழ்க்கை அவர் எடைபோடும் முறையை மாற்றுகிறது. ஆகவே நம்மோடு மாறுபடுபவர் அறிவில்லாதவராகவோ தன்னலக்காரராகவோதான் இருக்கவேண்டும் என்பதில்லை. இவற்றுள் கடைசிச் சுமை கவனிக்கத்தக்கது. வாழ்ந்த வாழ்க்கை வேறுபாட்டுக்குக் காரணம் என்றால், ஒருவர் வாழ்க்கையை மற்றவர் அறிந்துகொள்ள வழி வேண்டும். கதை இந்த இடத்தில்தான் மெய்யியலுக்குள் நுழைகிறது.

பொது நியாயப்படுத்தல்: அடிப்படைக் கருத்து

ரால்ஸ் 1993இல் வெளியிட்ட ‘அரசியல் தாராளவாதம்’ என்னும் நூல் இக்கருத்தைப் பரவலாக்கியது. அரசமைப்பு, அடிப்படை உரிமை போன்றவற்றைப் பற்றிப் பேசும்போது சட்டமன்ற உறுப்பினர், நீதிபதி, வாக்காளர் ஆகியோர் தம் சமயம் அல்லது தனிக்கொள்கையை மட்டும் நம்பியிராமல், பிற குடிமக்களும் ஏற்கக்கூடிய காரணங்களைத் தரவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

எடுத்துக்காட்டாக, வாரத்தில் ஒரு நாள் கட்டாய விடுமுறை வேண்டும் என ஒருவர் கோருவதாகக் கொள்வோம். எங்கள் மறைநூல் அப்படிச் சொல்கிறது என்றால், அந்நூலை ஏற்காதவருக்கு அது காரணமாகாது. உழைப்பவரின் உடல்நலத்துக்கும் குடும்பத்துக்கும் ஓய்வு தேவை என்றால், எந்தச் சமயத்தவரும் அதை எடைபோட்டுப் பார்க்கலாம், மறுக்கவும் செய்யலாம். இந்த இரண்டாம் வகைக் காரணமே பொதுக் காரணம் எனப்படுகிறது.

செருமானிய மெய்யியலாளர் யூர்கன் ஹாபர்மாஸ், ஒரு நெறியால் பாதிக்கப்படும் அனைவரும் தடையற்ற விவாதத்தில் பங்கேற்று உடன்படக்கூடியதாக இருந்தால்தான் அந்நெறி செல்லும் என்றார். ரால்ஸ் காரணத்தின் தன்மையை வலியுறுத்தினார். ஹாபர்மாஸ் விவாதம் நடக்கும் முறையை வலியுறுத்தினார்.

தமிழ் மாணவர் அறிந்த சிலப்பதிகார வழக்குரை காதை இக்கருத்துக்கு நல்ல விளக்கம். பாண்டியன் அவையில் கண்ணகி தன் கணவன் கொல்லப்பட்ட வரலாற்றைச் சொல்கிறாள். கள்வனைக் கொல்லுதல் அரச நீதி என்கிறான் மன்னன். கண்ணகி தன் துயரத்தை மட்டும் முன்வைத்து நிற்கவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பின் பரல் முத்து என்கிறான் மன்னன். சிலம்பு உடைக்கப்படுகிறது; மாணிக்கப் பரல் தெறிக்கிறது. சோதனைக்கு முன்பே எது சான்று என்பதில் இரு தரப்பும் ஒன்றுபட்டிருந்ததால், முடிவை மன்னனால் மறுக்க இயலவில்லை. கதையும் பொதுச் சான்றும் இங்கு இணைந்து நிற்கின்றன. ஆனால் இது நடப்பதற்கு ஒரு முன்நிபந்தனை இருந்தது. வாயிலோன் செய்தி சொன்னான். மன்னன் அவளை உள்ளே வரவிட்டான்.

இக்கருத்துக்கு வந்த எதிர்ப்புகள்

பொது நியாயப்படுத்தல் நடுநிலையானதுபோல் தோன்றினாலும், சிலரை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது என்பது முக்கியமான குற்றச்சாட்டு.

நிக்கோலஸ் வோல்டர்ஸ்டார்ஃப் போன்றோர், சமய நம்பிக்கையே வாழ்வின் அடித்தளமாக உள்ளவரிடம் அதை விட்டுவிட்டுப் பேசச் சொல்வது நியாயமல்ல என்றனர். ரால்ஸ் 1997இல் எழுதிய கட்டுரையில் தம் நிலையைத் தளர்த்தினார். சமயக் காரணங்களை எப்போது வேண்டுமானாலும் முன்வைக்கலாம். உரிய காலத்தில் பொதுக் காரணங்களையும் தந்தால் போதும் என்றார்.

ஐரிஸ் மேரியன் யங் வேறொரு குறையைச் சுட்டினார். ஒழுங்கான வாதம், அமைதியான குரல், படித்தவரின் மொழிநடை ஆகியவற்றை மட்டும் விவாதம் என்று கொண்டால், அவை கைவராதவர்கள் சொல்வது காதில் விழாது. ஆகவே வாதத்தோடு வரவேற்பு, சொல்வன்மை, கதை சொல்லல் ஆகிய மூன்றுக்கும் மக்களாட்சியில் இடம் வேண்டும் என்று 2000இல் வெளிவந்த ‘உள்ளடக்கலும் மக்களாட்சியும்’ என்னும் நூலில் வாதிட்டார்.

அமெரிக்க அடிமை முறை விவாதம்

பொதுக் காரணம் பற்றி எழுதுவோர் அடிக்கடி திரும்பும் வரலாறு இது. அடிமை முறையை எதிர்த்தவர்கள் பெரும்பாலும் சமய மொழியிலேயே பேசினர். அவர்களது செயல் பொதுக் காரண நெறிக்கு முரணா என்ற கேள்வியை ரால்ஸே எடுத்து ஆராய்ந்து, முரணன்று என்ற முடிவுக்கு வந்தார்.

அ) மூடிய கதவு

1830களில் அடிமை முறைக்கு எதிரான விண்ணப்பங்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தில் குவிந்தன. 1836இல் பிரதிநிதிகள் அவை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அடிமை முறை பற்றிய எந்த விண்ணப்பத்தையும் படிக்காமல், விவாதிக்காமல் ஒதுக்கிவைக்க அது வழிசெய்தது. வாய்ப்பூட்டு விதி என்று பெயர் பெற்ற இது 1844 வரை நீடித்தது. முன்னாள் குடியரசுத் தலைவரும் அப்போது அவை உறுப்பினருமான ஜான் குவின்சி ஆடம்ஸ் எட்டாண்டுகள் இதை எதிர்த்துப் போராடினார். எதிர்த்தரப்பின் காரணங்கள் தவறு என்று இவ்விதி சொல்லவில்லை; அவற்றைக் கேட்கவே மறுத்தது. நியாயப்படுத்தும் கடமையிலிருந்து தப்புவதற்கான எளிய வழி இதுதான்.

1839இல் தியடோர் வெல்ட் ‘உள்ளபடி அமெரிக்க அடிமை முறை’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தருமாறு உரிமையாளர்கள் தென் மாநில நாளிதழ்களில் கொடுத்த விளம்பரங்கள் அதில் இடம்பெற்றன. அடையாளம் காட்டுவதற்காகச் சூட்டுக்கோல் தழும்பையும் சாட்டை வடுவையும் உரிமையாளர்களே எழுதியிருந்தனர். எதிரிகள் கட்டிய கதை என்று அவற்றைத் தள்ளிவிட முடியவில்லை.

ஆ) பிரெடெரிக் டக்ளஸ்

மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்த பிரெடெரிக் டக்ளஸ் 1838இல் தப்பி வடக்கே வந்தார். 1841இல் நான்டக்கெட் தீவில் நடந்த கூட்டத்தில் தம் வாழ்க்கையைச் சொன்னார். அதன்பின் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் பேச்சாளரானார். அங்கே அவருக்கு இரண்டு தடைகள் நேர்ந்தன. நடந்தவற்றை மட்டும் சொன்னால் போதும், அதற்கு விளக்கமும் வாதமும் தருவதைத் தங்களிடம் விட்டுவிடலாம் என்று உடன் பணியாற்றிய வெள்ளையர் சிலர் அவரிடம் கூறினர். மறுபுறம், இவ்வளவு நன்றாகப் பேசுபவர் அடிமையாக இருந்திருக்க முடியாது என்று கேட்போர் ஐயுற்றனர்.

1845இல் டக்ளஸ் தம் தன்வரலாற்றை வெளியிட்டார். ஊர்ப் பெயர்களையும் உரிமையாளர் பெயர்களையும் அதில் வெளிப்படையாக எழுதினார். யார் வேண்டுமானாலும் விசாரித்துச் சரிபார்க்கலாம் என்னும் நிலையை அது ஏற்படுத்தியது. அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. சட்டப்படி அவர் இன்னும் ஒருவரின் உடைமை. இருக்குமிடம் தெரிந்தால் பிடித்துச் செல்லப்படலாம். ஆகவே அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் சென்றார். அங்கிருந்த நண்பர்கள் பணம் திரட்டி 1846இல் அவர் விடுதலையைப் பெற்றுத் தந்தனர்.

நூல் வெளிவந்தபின், டெலவேர் மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் மறுப்புக் கடிதம் எழுதினார். அந்த மனிதனை அடிமையாக இருந்த காலத்திலேயே தமக்குத் தெரியும் என்றும், இப்படியொரு நூலை எழுதும் கல்வி அவனுக்கு இல்லை என்றும் வாதிட்டார். டக்ளஸ் அடிமையாக இருந்ததே இல்லை என்று கூறியவர்களுக்கு இந்த மறுப்பே விடையாக அமைந்தது. டக்ளஸ் அவருக்கு நன்றி தெரிவித்துப் பதில் எழுதினார். சரிபார்க்க இடம் தரும் கதை, எதிர்ப்பிலிருந்தும் வலுப்பெறும் என்பதற்கு இது சான்று.

இ) ‘டாம் மாமாவின் குடிசை’

தப்பியோடிய அடிமைகளைத் திருப்பி அனுப்புவதைக் கடுமையாக்கும் சட்டம் 1850இல் வந்தது. அதன் பின்னணியில் ஹாரியட் பீச்சர் ஸ்டோ எழுதிய இப்புதினம் 1851 முதல் ஓர் இதழில் தொடராக வந்து, 1852 மார்ச்சில் நூலானது. முதல் ஆண்டில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 3,00,000 படிகள் விற்றன. குழந்தையைப் பிரியும் தாயின் நிலையைப் படித்தவர்கள், தமக்குத் தொடர்பில்லாத செய்தியாக அடிமை முறையைக் கருத முடியாமல் போயினர்.

எதிர்ப்பும் கதை வடிவிலேயே வந்தது. அடிமைகள் மகிழ்ச்சியாக வாழ்வதாகக் காட்டும் புதினங்களைத் தென் மாநில ஆதரவாளர்கள் எழுதினர். மேரி ஈஸ்ட்மனின் ‘ஃபில்லிஸ் அத்தையின் குடிசை’ 1852இலேயே வந்தது. ஒரு கதைக்கு எதிராக இன்னொரு கதை நின்றபோது, எது உண்மை என்பதைக் கதையின் உருக்கத்தை வைத்து முடிவுசெய்ய முடியவில்லை. ஸ்டோ 1853இல் ‘டாம் மாமாவின் குடிசைக்கு ஒரு திறவுகோல்’ என்னும் மற்றொரு நூலை வெளியிட்டார். சட்டப் பிரிவுகள், நீதிமன்றத் தீர்ப்புகள், நாளிதழ் விளம்பரங்கள் ஆகியவற்றை அதில் தொகுத்துக் கொடுத்தார். புதினம் கேள்வியை எழுப்பியது. சான்றுத் தொகுப்பு அதற்குப் பொதுவில் பதில் சொன்னது.

ஈ) ஒரே தரப்பினரிடையே வேறுபாடு

அடிமை முறை தீயது என்பதில் டக்ளஸும் அவரது வழிகாட்டியான வில்லியம் லாய்ட் கேரிசனும் ஒன்றுபட்டிருந்தனர். எனினும் அமெரிக்க அரசமைப்பு அடிமை முறைக்குத் துணைபோகும் ஆவணம் என்றார் கேரிசன். 1854 ஜூலை 4 அன்று அதன் படியொன்றைப் பொதுக் கூட்டத்தில் எரித்தார். டக்ளஸ் 1851 முதல் இதற்கு மாறான நிலையை எடுத்தார். அரசமைப்பைச் சரியாகப் பொருள்கொண்டால் அது விடுதலைக்கே துணைநிற்கும் என்றார். இருவர் மனத்தையும் அசைத்த வரலாறு ஒன்றே. அடுத்து என்ன செய்வது என்பதை அது தீர்மானிக்கவில்லை. அதற்குச் சட்டத்தையும் அரசியலையும் பற்றிய வாதம் தேவைப்பட்டது. அடிமை முறையை ஒழித்த 13ஆம் திருத்தம் உள்நாட்டுப் போருக்குப் பின் 1865இல் நடைமுறைக்கு வந்தது. போரின்றி வாதத்தால் மட்டும் அது முடிந்துவிடவில்லை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

கதை செய்யும் வேலைகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து கதையின் மூன்று வேலைகளைப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, கதை ஒரு செய்தியைப் பார்வைக்குக் கொண்டுவருகிறது. வாதம் தொடங்குவதற்கு முன் இதில் வாதிக்க ஏதோ இருக்கிறது என்று மக்கள் உணரவேண்டும்.

இரண்டாவது, ஒரு கொள்கை ஒருவர் வாழ்வில் எப்படி இறங்குகிறது என்பதைக் காட்டுகிறது. நீதிபதிகளும் குடிமக்களும் புதினங்களைப் படிப்பது பிறர் நிலையை உணரும் திறனை வளர்க்கும் என்று மார்த்தா நுஸ்பாம் 1995இல் வெளியான ‘கவிதை நீதி’ என்னும் நூலில் வாதிட்டார்.

மூன்றாவது, இல்லாத சொற்களை உருவாக்க உதவுகிறது. பணியிடத்தில் பெண்கள் அடைந்த துன்பத்துக்கு ஒரு காலத்தில் பெயரே இல்லை. 1970களின் நடுவில் அமெரிக்காவின் இத்தாக்கா நகரில் பெண்கள் ஒன்றுகூடித் தம் அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டபோது, அவை தனித்தனி நிகழ்ச்சிகள் அல்ல என்பது புரிந்தது. பாலியல் துன்புறுத்தல் என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடர் அங்கே புழக்கத்துக்கு வந்தது. மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் எழுதிய ‘அறிவுசார் அநீதி’ என்னும் நூல் இந்நிகழ்வை விளக்குகிறது. அனுபவத்தைச் சொல்லச் சொல்லே இல்லாமை ஒருவகை அநீதி என்றும், சொன்னாலும் சொல்பவர் யார் என்பதைப் பார்த்து நம்ப மறுப்பது மற்றொரு வகை அநீதி என்றும் அவர் பிரித்தார். டக்ளஸ் சந்தித்தது இந்த இரண்டாம் வகை. பெயர் கிடைத்தபின் சட்டம் இயற்ற முடிந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 1997இல் விசாகா வழக்கில் பணியிடங்களுக்கான நெறிமுறைகளை வகுத்தது. 2013இல் தனிச் சட்டம் வந்தது.

கதையின் ஆபத்து

பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலில் கவிஞர்களை இலட்சிய நகரிலிருந்து விலக்கினார். கதை அறிவைக் கடந்து உணர்ச்சியை ஆட்கொள்கிறது என்பது அவர் அச்சம். எனினும் கவிதை தன் பயனை நிறுவினால் மீண்டும் அனுமதிக்கலாம் என்றும் சேர்த்தார்.

அவர் அச்சம் வீணானதல்ல. 1915இல் டி. டபிள்யூ. கிரிஃபித் இயக்கிய ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ என்னும் திரைப்படம், கறுப்பின மக்களை அச்சுறுத்திய கூ க்ளக்ஸ் கிளான் அமைப்பினரை மீட்பர்களாகச் சித்திரித்தது. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம் அதை எதிர்த்துப் போராடியது. அதே ஆண்டில் ஜார்ஜியா மாநிலத்தில் அவ்வமைப்பு புத்துயிர் பெற்றது. கதை கூறும் கலையில் அப்படம் திறமை வாய்ந்தது. அதனாலேயே தீங்கும் பெரிதாயிற்று.

நல்ல நோக்கமுள்ள கதையும் தவறான கருத்தைச் சுமந்து வரலாம். ஸ்டோவின் புதினம் கறுப்பின மக்களைப் பொறுமையின் உருவங்களாக மட்டும் காட்டுகிறது என்று எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1949இல் கடுமையாக விமரிசித்தார். மேலும், பெயரும் முகமும் தெரிந்த ஒரு குழந்தைக்கு மனம் இரங்கும் அளவுக்கு, எண்ணிக்கையாகச் சொல்லப்படும் ஆயிரம் பேருக்கு மனம் இரங்குவதில்லை என்பதை பால் ஸ்லோவிக் முதலிய உளவியலாளர் ஆய்வுகள் காட்டுகின்றன. கதையை மட்டும் நம்பினால், கதை சொல்ல ஆள் கிடைக்காதவர்கள் மறக்கப்படுவர்.

கதையைச் சோதித்தல்

பொது விவாதத்தில் ஒரு கதை முன்வைக்கப்படும்போது, கீழ்க்கண்ட கேள்விகளைக் கேட்பது பயன் தரும்.

1. இதில் சொல்லப்படுபவை சரிபார்க்கத்தக்கவையா? எதிர்த்தரப்பும் ஏற்கும் சான்று உண்டா?
2. இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததா, பலருக்கும் நேர்வதா? பலருக்கும் என்றால் எண்ணிக்கை எங்கே?
3. பாதிக்கப்பட்டவரே சொல்கிறாரா, அவருக்காக மற்றவர் சொல்கிறாரா?
4. இக்கதையில் வாய் திறக்காதவர் யார்? அவர் சொன்னால் எப்படி இருக்கும்?
5. கதையிலிருந்து முன்மொழியப்படும் சட்டத்துக்குச் செல்லும் வழியில் எந்தப் படி விடுபட்டுள்ளது?

இக்கேள்விகளைக் கேட்பது கதை சொன்னவரை அவமதிப்பதாகாது. டக்ளஸ் பெயர்களை வெளியிட்டதும் ஸ்டோ திறவுகோல் எழுதியதும் இத்தகைய கேள்விகளுக்கு விடையாகவே. அதேவேளை, கதையைக் கேட்பதற்கு முன்பே சான்று எங்கே என்று கேட்டு வாயை அடைப்பது, வாய்ப்பூட்டு விதியின் மறு வடிவமாகிவிடும். முதலில் கேட்பது, பிறகு சோதிப்பது என்னும் வரிசை முக்கியம்.

தீராத கேள்விகள்

இத்துறையில் இன்னும் விவாதிக்கப்படும் கேள்விகள் பல. தனக்கு உவப்பில்லாத கதையைக் கேட்கும் கடமை ஒரு குடிமகனுக்கு உண்டா? தம் துயரை ஒவ்வொரு முறையும் திரும்பச் சொல்லி மெய்ப்பிக்கும் சுமையைப் பாதிக்கப்பட்டவர் மீதே ஏற்றுவது நியாயமா? இனிப் பிறக்கப்போகும் தலைமுறையினர், விலங்குகள் போன்று தாமே கதை சொல்ல இயலாதவர்களுக்காக யார் பேசுவது? காரணங்களை எல்லாம் கேட்டபின்னும் இருவர் உடன்படாவிட்டால், பெரும்பான்மை வாக்கு மட்டுமே ஒரு சட்டத்தை நியாயமாக்கிவிடுமா? கடைசிக் கேள்விக்கு ரால்ஸ் வழிவந்தோர் தரும் விடை: தோற்ற தரப்பினர் அச்சட்டத்தை விரும்பாமல் இருக்கலாம், தம்மையும் ஒரு குடிமகனாக மதித்துத்தான் காரணம் சொன்னார்கள் என்று அவர்களால் ஒப்புக்கொள்ள முடியவேண்டும்.